தசைக்குள் இருக்கும் கொழுப்புத் துளிக்குக் காவல் யார்? பெரிலிபின் புரதங்கள் பற்றிய விவாத இழை

பாளை விலங்கியல் | ஞாயிறு, காலை 6.50

வணக்கம். பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். சென்ற வாரம் இன்சுலின் பாடத்தின்போது, தசைச் செல்லுக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலினுக்குத் தசை செவிசாய்க்காமல் போகும் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகப் பார்த்தேன். நெடுந்தூர ஓட்டத்தில் பயிற்சி எடுக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "நிறைய ஓடுகிறவர்கள் தசையிலும் கொழுப்பு இருக்கும் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னாரே, அப்படியானால் எங்களுக்கும் சர்க்கரை வருமா டீச்சர்?" என்று கேட்டாள். நாளை வகுப்பில் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். அவள் கேட்டது ஆய்வாளர்களே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி. 2001இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் தசையில் கொழுப்பு மிகுந்திருந்தது. நெடுநாள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களின் தசையிலும் அது மிகுந்தே இருந்தது. ஆனால் முன்னவர்களின் தசை இன்சுலினுக்கு மந்தமாகவும், பின்னவர்களின் தசை மிகக் கூர்மையாகவும் செயல்பட்டது. இதை 'விளையாட்டு வீரர் முரண்' என்கிறார்கள்.

எனக்கு இது பாடத்தோடு முடிகிற கேள்வி அல்ல. என் அப்பா திசையன்விளைப் பக்கம் முப்பது வருடம் பனையேறியவர். காலில் தளைநார் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிய காலத்தில் அவர் ஒரு மாத்திரை விழுங்கி நான் பார்த்ததில்லை. முழங்கால் விட்டுப்போய் ஏறுவதை நிறுத்திய நான்காம் வருடம் சர்க்கரை 300ஐத் தாண்டியது. அப்போதும் ஒல்லியான உடம்புதான். வேட்டி இடுப்பில் நிற்காது. கொழுப்பு எங்கே இருந்து கெடுத்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். கொழுப்புத் துளியைச் சுற்றிப் பெரிலிபின் என்ற புரதம் காவல் நிற்கிறது. காவல் உறுதியாக இருந்தால் கொழுப்பு கசியாது, தசைக்குத் தீங்கும் இல்லை. கரும்பலகையில் ஒரு வட்டம், சுற்றிலும் வேலி, வேலிக்கு ஒரு பூட்டு என்று வரையலாம் என்றிருக்கிறேன். இது சரியா?

பொருநை உயிர்வேதி | ஞாயிறு, காலை 9.15

டீச்சர், வேலி சரி. பூட்டை மட்டும் வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறார்கள்.

கொழுப்புத் துளியை வெறும் எண்ணெய்ச் சொட்டு என்று ஒதுக்கிவைத்த காலம் ஒன்று உண்டு. உண்மையில் அது செல்லின் உறுப்புகளில் ஒன்று. எண்டோபிளாச வலையின் படலத்தில் இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, கொழுப்பின் சேமிப்பு வடிவமான ட்ரைகிளிசரைடு சேர்ந்து திரள்கிறது. சீப்பின் என்ற புரதம் அந்த இடத்தைச் சீர்செய்துகொடுக்க, ஒற்றை அடுக்குப் பாஸ்போலிப்பிட்டைப் போர்த்திக்கொண்டு துளி வெளியே மொட்டுவிடுகிறது. இந்த ஒற்றை அடுக்குப் போர்வையின் மேல்தான் பெரிலிபின்கள் வந்து படிகின்றன.

போர்வை எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் மோர் கடைவதைச் சொல்லுங்கள். பாலில் கொழுப்பு இருக்கிறது, ஆனால் அது தானாக ஒன்றுசேர்ந்து வெண்ணெய்க் கட்டியாகிவிடுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நுண்துளியும் தனக்கென ஓர் உறை போட்டிருக்கிறது. மத்தின் வீச்சில் அந்த உறை கிழிந்த பிறகுதான் துளியும் துளியும் ஒட்டி வெண்ணெய் திரளுகிறது. இது உவமை மட்டுமல்ல, உறவும்கூட. பாலின் கொழுப்புத் துளி பிறப்பது மடியில் உள்ள செல்லுக்குள் இருக்கும் இதே போன்ற துளியிலிருந்துதான். அதன் உறையில் பெரிலிபின்-2 இருக்கிறது.

பெரிலிபின் குடும்பத்தில் ஐந்து பேர். முதலாமவரை 1991இல் அமெரிக்காவில் காண்ஸ்டன்டைன் லோண்டோஸ் குழுவினர் கொழுப்புச் செல்லில் அடையாளம் கண்டார்கள். மற்ற நால்வருக்கும் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்த குழப்பம் 2010இல்தான் தீர்ந்து, 1 முதல் 5 வரை எண்ணிட்டு அழைக்கும் வழக்கம் வந்தது. தசைக்கு மிக முக்கியமானவை 2ஆம் 5ஆம். பெரிலிபின்-2 ஏறக்குறைய எல்லா வகைச் செல்லிலும் உண்டு. துளியின் மேல் இடம் கிடைக்காவிட்டால் செல் அதைச் சிதைத்துவிடும். பெரிலிபின்-5 கொழுப்பை எரித்து வாழும் இதயம், எலும்புத்தசை, பழுப்புக் கொழுப்பு, கல்லீரல் போன்ற இடங்களில் மிகுந்திருக்கிறது.

இனி உடைக்கும் பக்கம். ட்ரைகிளிசரைடில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கின்றன. முதலாவதைக் கழற்றுவது ஏ.டி.ஜி.எல். என்னும் நொதி, 2004இல் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் அதைத் தனித்தனியே கண்டறிந்தன, அவற்றுள் ஒன்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழு. எஞ்சும் டைஅசைல்கிளிசராலிலிருந்து இரண்டாவதை எச்.எஸ்.எல். கழற்றுகிறது, மூன்றாவதை எம்.ஜி.எல். கழற்றுகிறது. முதல் படிதான் மொத்த வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஏ.டி.ஜி.எல். தனியாக நின்றால் மந்தமாகவே வேலை செய்யும்; சி.ஜி.ஐ.-58 என்ற துணைப் புரதம் சேர்ந்தால் அதன் வேகம் பன்மடங்காகும். ஜி0எஸ்2 என்ற இன்னொரு சிறு புரதம் அதே நொதியைப் பிடித்து நிறுத்தவும் செய்யும்.

பெரிலிபின்-5 இந்த நொதியையும் அதன் துணையையும் துளியின் மேலேயே பிடித்துவைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கியதும் அட்ரினலின் ஏறுகிறது. புரோட்டீன் கைனேஸ்-ஏ என்ற நொதி பெரிலிபினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பிடி தளர்ந்து கொழுப்பு உடையத் தொடங்குகிறது. அதோடு முடியவில்லை. பெரிலிபின்-5இன் கடைவால் பகுதி, கொழுப்பை எரிக்கும் செல்லுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைத் துளியோடு சேர்த்துப் பிணைக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். ஆகவே இது பூட்டு அல்ல டீச்சர், குளத்து மடையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சி. அதிலும் மடையைத் திறப்பதோடு நிற்காமல், வாய்க்காலையும் வயல் வரைக்கும் தானே வெட்டிக்கொடுத்து, தண்ணீர் வழியில் எங்கும் கசியாமல் கொண்டுசேர்க்கிற ஆள்.

களக்காட்டுக்காரன் | ஞாயிறு, முற்பகல் 11.30

அண்ணாச்சி, மிகவும் தெளிவாக இருந்தது. ஒரு சந்தேகம். நீர்ப்பாய்ச்சி ஓய்வு நேரத்தில் மடையை அடைத்து வைக்கிறார் என்றால், அவரை அப்புறப்படுத்திவிட்டால் கொழுப்பெல்லாம் தானாகக் கரைந்துபோகுமே? அது நல்லதுதானே? சேமித்துக் காவல் வைப்பதைவிடச் சேமிக்காமலே இருப்பது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடித் தகடு | ஞாயிறு, பிற்பகல் 2.05

நான் திசு ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். அண்ணாச்சி அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் வரை, இந்தத் துளிகளைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் டீச்சரின் மாணவர்களுக்கு அது பயன்படும்.

வழக்கமான முறையில் திசுவை மெழுகில் பதித்தால் கொழுப்பைப் பார்க்கவே முடியாது. ஆல்கஹாலும் சைலினும் கொழுப்பை முற்றாகக் கரைத்துவிடும். துளி இருந்த இடத்தில் வெற்றுத் துளைதான் மிஞ்சும். அதனால் தசைத் துணுக்கைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேனில் நொடிப்பொழுதில் உறையவைத்து, உறைநிலையிலேயே 8 அல்லது 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, ஆயில் ரெட் ஓ சாயத்தில் இடுகிறோம். இந்தச் சாயம் கொழுப்பில் கரைந்து சிவப்பாகத் தங்கும்.

குறுக்குவெட்டில் தசை நார்கள் பலகோணங்களாக, ஓடு பாவிய தரைபோல நெருங்கிக் கிடக்கும். சில நார்களுக்குள் கேழ்வரகு மாவைத் தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் வேறு நார்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். நிறைந்திருப்பவை மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் முதல் வகை நார்கள். கொழுப்புச் செல்லில் ஒற்றைத் துளியே 100 மைக்ரோமீட்டர் அகலத்தை எட்டிவிடும். தசையில் பெரும்பாலான துளிகள் 1 மைக்ரோமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை.

வேலை கற்றுக்கொண்டிருந்த முதல் மாதம், சாயமேற்றிய தகட்டை வழக்கம்போல் சைலின் கலந்த பசையால் மூடிவிட்டேன். மேசைக்குத் திரும்பி வருவதற்குள் சிவப்பு முழுவதும் கலங்கி ஒழுகி, ஒரு நோயாளி வலி பொறுத்துக் கொடுத்த துணுக்கில் ஒரு சீவல் வீணாகிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அன்று முதல் கிளிசரின் ஜெல்லிதான். மூடும்போதும் மேல்தகட்டை அழுத்தக் கூடாது. அழுத்தினால் துளிகள் இடம்பெயர்ந்து, ஒரு நாரின் கொழுப்பு அடுத்த நாரில் இருப்பதுபோலக் காட்டும்.

பொருநை உயிர்வேதி | ஞாயிறு, இரவு 8.40

களக்காட்டுத் தம்பியின் கேள்வியைத்தான் எலிகளில் செய்து பார்த்துவிட்டார்கள். 2012இல் ஜப்பானியக் குழு ஒன்று பெரிலிபின்-5 இல்லாத எலிகளை உருவாக்கியது. அவற்றின் இதயத்தில் கொழுப்புத் துளிகள் கண்ணில் படாத அளவுக்கு மறைந்துபோயின. கொழுப்பு அமிலம் கூடுதலாக எரிந்தது. ஆனால் தடுப்பின்றி எரிந்ததால் தீங்கு விளைக்கும் ஆக்சிஜன் வினைபொருள்கள் பெருகி, வயதாக ஆக இதயத்தின் வேலைத்திறன் குறைந்தது. மடையைப் பெயர்த்தெடுத்தால் குளம் வற்றும், நாற்றும் அழுகும்.

மறுபக்கமும் உண்டு. ஏ.டி.ஜி.எல். நொதியே இல்லாத எலியில் கொழுப்பை உடைக்க ஆள் இல்லை. துளிகள் பெருத்துப் பெருத்து இதயம் செயலிழந்து எலி இளவயதிலேயே இறந்தது. இது 2006இல் வந்த ஆய்வு. அதில் என்னை இன்றளவும் நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி வேறொன்று: தசையில் இத்தனை கொழுப்பு குவிந்தும் அந்த எலிகள் குளுக்கோஸை முன்னைவிட நன்றாகவே கையாண்டன. துளிக்குள் அடைபட்ட கொழுப்பு இன்சுலினுக்குப் பகை அல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் இதயம் ஏன் செயலிழந்தது? கொழுப்பின் பாரத்தால் மட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2011இல் அதே கிராட்ஸ் குழு வேறொரு காரணத்தைக் காட்டியது. துளியிலிருந்து ஏ.டி.ஜி.எல். கழற்றிவிடும் கொழுப்பு எரிபொருளாவதோடு, உட்கருவில் உள்ள பி.பி.ஏ.ஆர்.-ஆல்ஃபா என்ற ஏற்பிக்குச் செய்தியும் கொண்டுபோகிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் பராமரிக்கும் மரபணுக்களை அந்த ஏற்பிதான் இயக்குகிறது. செய்தி வராமல் அடுப்பே அணைந்துபோனது. அந்த ஏற்பியை மருந்தால் தூண்டியபோது எலிகளின் இதயம் தேறியது.

கெடுதி செய்வது எது என்றால், துளிக்கு வெளியே தேங்கும் இடைப்பொருள்கள். படலங்களில் சேரும் டைஅசைல்கிளிசரால் புரோட்டீன் கைனேஸ்-சி வகை நொதிகளைத் தூண்டி, இன்சுலின் ஏற்பிக்குப் பின்னால் வரும் ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதத்தின் வேலையைக் கெடுக்கிறது. செய்தி அறுபடுவதால் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்-4 வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை. செராமைடு என்ற கொழுப்பும் வேறு வழியில் இதையே செய்கிறது. இரண்டில் எது முதன்மை என்ற வாக்குவாதம் ஓயவில்லை. எனக்கு டைஅசைல்கிளிசரால் பக்கச் சான்று வலுவாகப் படுகிறது, ஆனால் அது செல்லுக்குள் எந்த இடத்தில் சேருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான். 2013இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் எலியின் கால்தசையில் பெரிலிபின்-5ஐக் கூடுதலாக உற்பத்தியாக்கியபோது, துளிகளில் கொழுப்பு கூடியது, இன்சுலின் உணர்திறன் கெடவில்லை.

களக்காட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.05

விளங்கியது அண்ணாச்சி. மனிதர்களில் இந்த நொதி இல்லாமல் பிறப்பவர்கள் உண்டா?

கண்ணாடித் தகடு | ஞாயிறு, இரவு 9.30

உண்டு தம்பி, மிக அரிது. ஏ.டி.ஜி.எல். மரபணு பழுதானால் தசை வலுவிழக்கும், பலருக்கு இதயத்தசையும் பாதிக்கப்படும். 2007இல் அந்த மரபணுவை உறுதிசெய்தார்கள். துணைப் புரதமான சி.ஜி.ஐ.-58 பழுதானால் அத்துடன் தோல் மீன் செதில்போல் உரியும். அதற்குச் சானரின்-டார்ஃப்மன் நோய் என்று பெயர். இரண்டிலும் சாதாரண இரத்தப் பூச்சுத் தகட்டிலேயே வெள்ளணுக்களுக்குள் வட்ட வட்டமான வெற்றிடங்கள் தெரியும். 1953இல் ஜோர்டன்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கிறோம். விலையுயர்ந்த சோதனைக்கு முன்பே ஒரு சொட்டு இரத்தம் துப்புக் கொடுத்துவிடும் என்பதால், பூச்சுத் தகடு பார்க்கும் இளைய தொழில்நுட்பர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

திசையன்விளைக்காரி | திங்கள், காலை 5.40

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். டீச்சர் அக்கா, உங்கள் அப்பாவைப் போன்றவர்களை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றை மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. ஏறுவதை நிறுத்தியதால் பெரிலிபின் குறைந்து, அதனால் சர்க்கரை வந்தது என்று ஒரே கோட்டில் வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். வயது, மரபு, தசையின் பருமனே குறைந்துபோவது, கணையத்தின் சுரப்பு, கல்லீரலில் சேரும் கொழுப்பு எல்லாம் அந்த 300க்குள் இருக்கின்றன. ஒரு புரதத்தின் தலையில் அத்தனையையும் ஏற்றிவிட்டால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் புரதத்தைத் தேடுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

ஒல்லியாக இருந்தும் எப்படி என்ற கேள்விக்குப் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ஒரு படத்தோடு பதில் சொன்னார். அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைக்கருவியில் ஏறி நின்று பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

பாளை விலங்கியல் | திங்கள், காலை 6.20

தங்கச்சி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அப்பாவின் கதையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஓட்டக்காரர் தசையிலும் சர்க்கரைக்காரர் தசையிலும் கொழுப்பு ஒரே அளவு என்றால், துளிகளைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியுமா? எட்டரை மணிக்கு எனக்கு வகுப்பு.

பொருநை உயிர்வேதி | திங்கள், காலை 6.55

முடியும் டீச்சர். பயிற்சி பெற்றவர்களிடம் துளிகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, முதல் வகை நார்களில் தசையிழைகளுக்கு நடுவே மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியபடி இருப்பவை, பெரிலிபின்-5 நன்றாகப் போர்த்தியவை. நீரிழிவு உள்ளவர்களிடம் பெரிய துளிகள் மிகுதி. விரைவாகச் சுருங்கும் இரண்டாம் வகை நார்களிலும், செல்லின் ஓரப்படலத்துக்கு அடியிலும் அவை சேர்கின்றன. 2018இல் மாஸ்ட்ரிக்ட் குழுவினர் இந்த வேறுபாட்டை நார் நாராக அளந்து காட்டினார்கள்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கே போதும். ஒரு துளியை அதன் பாதி விட்டமுள்ள எட்டுத் துளிகளாகப் பிரித்தால் கொழுப்பு கூடவுமில்லை குறையவுமில்லை, ஆனால் மேற்பரப்பு இரண்டு மடங்காகிறது. காவல் புரதமும் நொதியும் நிற்பது மேற்பரப்பில்தான். அதனால் ஓடத் தொடங்கியதும் கொழுப்பு விரைவாக வெளியேறுகிறது, ஓட்டம் முடிந்ததும் விரைவாகத் திரும்பி நிறைகிறது. மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதிவண்டி மிதித்தவர்களிடம் பெரிலிபின்-2 போர்த்திய துளிகளே முதலில் செலவாயின என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. சில வார நெடுந்தூரப் பயிற்சிக்குப் பிறகு தசையில் பெரிலிபின்-2, 5 இரண்டின் அளவுமே கூடுகிறது. ஆகவே உங்கள் மாணவியிடம் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பேசாதீர்கள், எவ்வளவு போய் வருகிறது என்று பேசுங்கள். அவள் தசையில் அது தினமும் போய் வருகிறது. அசையாத தசையில் வந்தது அப்படியே கிடக்கிறது.

பாளை விலங்கியல் | வியாழன், மாலை 6.10

வகுப்பு முடிந்து மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்டை வரையவில்லை. ஒரு பெரிய வட்டம், பக்கத்தில் எட்டுச் சிறு வட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிறை வடிவில் பெரிலிபின், அதன் வால் மைட்டோகாண்ட்ரியாவைத் தொட்டபடி. எட்டு வட்டத்தின் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள்.

இன்று கண்ணாடித் தகடு தம்பி கறிக்கடை ஆட்டுத் தொடையில் சீவிச் சாயமேற்றிய இரண்டு தகடுகளைப் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பழைய நுண்ணோக்கியில் 400 மடங்கில் வைத்தபோது, அந்த மாணவி கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த நார் முழுக்க இருக்கு டீச்சர், பக்கத்து நார்ல ஒண்ணுமே இல்ல" என்றாள். சர்க்கரை வருமா என்ற பயம் போய்விட்டது. இப்போது அவளுக்கு வேறு கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஓடிக் காலியான துளிகள் திரும்ப நிறைய எத்தனை நாள் ஆகும்?

பொருநை உயிர்வேதி | வியாழன், இரவு 7.25

அதையும் அளந்திருக்கிறார்கள். சாப்பாட்டில் கொழுப்பு போதிய அளவு இருந்தால் ஓரிரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கொழுப்பை மிகவும் குறைத்து மாவுச்சத்தாகவே சாப்பிட்டவர்களுக்கு 48 மணி நேரம் கழிந்தும் முழுமையாக நிறையவில்லை. ஆனால் அவர்களின் தசையில் குளுக்கோஸின் சேமிப்பான கிளைக்கோஜன் நன்றாக நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சி இருந்தால் அவளுக்கு முதலில் வேண்டியது கிளைக்கோஜன்தான். துளி புதன்கிழமை வரை காத்திருக்கலாம்.